ச-வுக்கு இடம் இல்லாத கீபோர்டு

வலது கைச் சுண்டுவிரல்தான் முதலில் முரண்டு பிடித்தது. காலையில் காபி டம்ளரைப் பிடித்தால் அந்த விரல் மட்டும் மற்றவற்றோடு சேராமல் விலகி நிற்கும். சாயங்காலத்துக்குள் மணிக்கட்டின் வெளிப்பக்கம் சுருக் சுருக்கென்று குத்தும். சில இரவுகளில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்துப்போய் தூக்கம் கலைந்துவிடும். நான் மொழிபெயர்ப்பாளன். இயந்திரக் கையேடுகள், மருந்து அட்டைக்குள் மடித்து வைக்கும் காகிதங்கள், அவ்வப்போது படங்களுக்கான வசன வரிகள் என்று எது வந்தாலும் தமிழில் தட்டிக் கொடுப்பதுதான் பிழைப்பு. ஒரு நாளைக்கு 3,000 சொற்கள் சாதாரணம். விரல் நின்றால் வருமானம் நின்றுவிடும்.

அப்போது நான் செய்த முதல் காரியம் முட்டாள்தனமானது. "மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினால் கை வலி போய்விடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, விளையாட்டுப் பிள்ளைகளுக்கென்று விற்கும் ஒன்றை வாங்கிவிட்டேன். 104 விசைகள், அடியில் வானவில் விளக்கு, நீல ஸ்விட்ச். நீல ஸ்விட்ச் என்றால் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் "டிக்" என்று சத்தம் போடும் வகை. இரண்டாம் நாள் இரவு அம்மா அறை வாசலில் நின்று, "என்னடா, இந்த நேரத்துல பட்டாணி வறுக்குற?" என்றார்.

சத்தத்தைக்கூடப் பொறுத்திருக்கலாம். வலி கூடியதுதான் பிரச்சினை. காரணம் புரிய இரண்டு மாதம் ஆனது. மடிக்கணினியின் விசைகள் தட்டையானவை. சாதாரண மெக்கானிக்கல் கீபோர்டு அதைவிட உயரமாக நிற்கும். விசையின் தொப்பியே விரல் பருமன் இருக்கும். நான் போதாக்குறைக்கு அடியில் உள்ள இரண்டு கால்களையும் விரித்து, பின்பக்கத்தைத் தூக்கி வைத்திருந்தேன். விரல்கள் மேலே, மணிக்கட்டு கீழே. கை முழு நேரமும் "நில்" என்று சைகை காட்டும் நிலையிலேயே மடங்கியிருந்தது. அந்தக் கால்களை எதற்குத்தான் வைக்கிறார்களோ தெரியாது. உங்கள் கீபோர்டில் அவை விரிந்திருந்தால் இப்போதே மடக்கிவிடுங்கள், காசு செலவில்லை.

மெக்கானிக்கல் என்பது விசைக்குள் தனித்தனி ஸ்பிரிங்கும் ஸ்விட்ச்சும் இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. கைக்கு இதமா என்பது கீபோர்டின் வடிவத்தைப் பொறுத்தது. கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கிறார்கள், நாமும் ஒன்றுதான் என்று நம்பிவிடுகிறோம்.

இதைவிட வெட்கமான விஷயம் அடுத்து நடந்தது. பிசியோதெரபிஸ்ட் அம்மா ஒருவரிடம் போனேன். அவர் என் கையைப் பார்ப்பதற்கு முன்னால் நான் வேலை செய்யும் இடத்தின் போட்டோவைக் கேட்டார். பார்த்துவிட்டு, "முழங்கையை எங்க வைக்கிறீங்க?" என்றார். மேசை விளிம்பில். உணவு மேசைதான் என் அலுவலகம். அதன் விளிம்பு கூரானது. முழங்கையில் இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்தது போல இருக்குமே, அந்த நரம்பை நான் நாள் முழுக்க மேசை விளிம்பில் நசுக்கிக்கொண்டிருந்தேன். அல்நார் நரம்பு என்று பெயர். சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப்போனால் முதலில் அதைத்தான் சந்தேகிப்பார்களாம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் பக்கம் மரத்தால் அது வேறு நரம்பு, மணிக்கட்டு வழியாகப் போவது. எந்த விரல் என்பதைக் கவனித்துச் சொன்னாலே பாதி வேலை முடிகிறது.

மேசையின் உயரமும் சரியில்லை. நம் வீட்டு உணவு மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரம். நான் ஐந்தடி நான்கு அங்குலம். நாற்காலியை ஏற்றினால் கால் தரையில் படாது, இறக்கினால் தோள் காதைத் தொடும். கொல்லையில் கிடந்த இரண்டு செங்கல்லின் மேல் அம்மாவின் பழைய மணைப்பலகையைப் போட்டுக் காலுக்கு வைத்து, நாற்காலியை உயர்த்தினேன். மூன்று வாரத்தில் இரவு மரப்பு நின்றுவிட்டது. ஒரு கீபோர்டும் வாங்காமல்!

ஆனால் சுண்டுவிரல் வலியும் மணிக்கட்டுக் குத்தலும் போகவில்லை. அங்கேதான் கீபோர்டின் கதை ஆரம்பிக்கிறது.

நான் தமிழ்99 முறையில் தட்டுபவன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். ந-வும் த-வும் அடுத்தடுத்து வந்தாலும் அப்படியே. "அம்மா" என்பதற்கு நான்கே தட்டு. தமிழ் எழுத இதைவிட வேகமான முறையை நான் பார்த்ததில்லை. ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது, 15 வருடம் தட்டியும் நான் கவனிக்காத குறை.

ஒரு நாள் சும்மா எண்ணிப் பார்த்தேன். "நான் யாழ்ப்பாணம் சென்று வந்தேன்." இடைவெளிகளையும் முற்றுப்புள்ளியையும் விட்டுவிட்டால் 25 தட்டு. அதில் ந, ய, ழ, ண, ச, மறுபடி ந என்று ஆறு தட்டு வலது சுண்டுவிரலுக்குப் போகிறது. கால்வாசி! இருப்பதிலேயே குட்டையான, சோப்ளாங்கி விரலுக்கு. ச வேண்டுமானால் அந்த விரல் இருக்கும் இடத்தை விட்டு மேலே வலப்பக்கம், சதுர அடைப்புக்குறி இருக்கும் விசைக்கு எம்ப வேண்டும். ஞ இன்னும் ஒரு விசை தள்ளி. அதோடு எண்டர், பேக்ஸ்பேஸ், வலது ஷிப்ட் என்று எல்லாமே அந்த விரலின் தலையில்தான். ஒவ்வொரு முறை எம்பும்போதும் மணிக்கட்டு வெளிப்பக்கமாக வளைகிறது. குத்தல் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிட்டது.

மயிலாடுதுறையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர் படித்தபோது, மணிக்கட்டைத் தாழ்த்தினால் மாஸ்டர் ஸ்கேலால் ஒரு தட்டு தட்டுவார். கை மிதக்க வேண்டும் என்பார். அந்த இரும்பு மெஷினில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு நீளக் கம்பி ஓடும். கம்பிகள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்கத்தான் ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் சற்று நகர்வு வைத்தார்கள். கம்பி போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, நகர்வு மட்டும் இன்றைய மடிக்கணினி வரை வந்துவிட்டது. நம் விரல்கள் மேலும் கீழுமாக நேராகத்தான் நீளும். விசைகளோ சாய்ந்து ஓடுகின்றன.

இரண்டாகப் பிளந்த கீபோர்டுகள் இருப்பதைக் கோவையில் இருக்கும் ஒரு நண்பர் காட்டினார். மென்பொருள் வேலை, பொழுதுபோக்குக்குப் பாகங்களை ஈயப்பற்று வைத்து ஒட்டிக் கீபோர்டு செய்கிறவர். இடது பாதி தனி, வலது பாதி தனி, நடுவே ஒரு வயர். தோள் அகலத்துக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம், அதனால் மணிக்கட்டு வளையாது. விசைகள் நேர் நெடுவரிசையில், ஒவ்வொரு விரலின் நீளத்துக்கும் ஏற்ப ஏறி இறங்கியிருக்கும். சுண்டுவிரல் வரிசை நன்றாகத் தாழ்ந்திருக்கும். சும்மா கிடக்கும் கட்டைவிரல்களுக்கும் மூன்று நான்கு விசைகள் கிடைக்கும்.

"அண்ணே, கார்ன் எடுத்துக்குங்க. 42 விசைதான். விரல் நகரவே வேணாம்" என்றார். இந்த உலகத்தில் எல்லோரும் சொல்லும் அறிவுரை இதுதான்: விசைகளைக் குறை, மீதியை அடுக்குகளில் ஒளித்து வை. ஒரு வாரம் அவருடையதை இரவல் வாங்கி வந்தேன்.

"செய்தி" என்று தட்டப் போனேன். ச இல்லை.

சதுர அடைப்புக்குறி விசைகள் ஆங்கிலத்தில் எழுதுபவனுக்கு எப்போதோ ஒருமுறை தேவைப்படுபவை. அதனால் இப்படிச் சிறிய கீபோர்டுகளில் அவற்றையும் வெட்டிவிடுகிறார்கள். வேறொரு விசையைப் பிடித்துக்கொண்டு தட்டினால் வரும்படி அடுக்கில் வைத்துவிடுகிறார்கள். தமிழ்99-இல் அந்த இடத்தில்தான் ச-வும் ஞ-வும் இருக்கின்றன. கொஞ்சம், மஞ்சள், அஞ்சல், சொல், செயல் எல்லாவற்றுக்கும் இரண்டு விசையைச் சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நண்பருக்கு நம்பவே முடியவில்லை. அவர் தமிழில் தட்டுவது வாட்ஸப்பில் மட்டும், அதுவும் போனில்.

ஆக, வாங்குவதற்கு முன் நான் சொல்லக்கூடிய முதல் வழி: அந்தக் கீபோர்டின் படத்தை உண்மை அளவுக்குக் காகிதத்தில் அச்சடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவற்றில் விசைக்கு விசை 19 மில்லிமீட்டர், அதை வைத்து அளவு சரிபார்க்கலாம். ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் உங்கள் தமிழ் எழுத்தை எழுதிப் பாருங்கள். எழுத்து மிஞ்சினால் அந்தக் கீபோர்டு உங்களுக்கு இல்லை. எழுதி முடித்ததும் கையை அதன்மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நான்கு வரி தட்டிப் பாருங்கள். பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆயிரக்கணக்கில் பணம் போட்டபின் வரும் பைத்தியத்துக்கு இது எவ்வளவோ மேல்.

காகித வேலைக்குப் பிறகு நான் தேர்ந்தெடுத்தது சோஃபிள் என்ற திறந்த வடிவமைப்பு, அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம். 58 விசைகள்: கைக்கு ஆறு நெடுவரிசை, நான்கு வரிசை, கட்டைவிரலுக்கு ஐந்து. லிலி58-உம் ஏறக்குறைய இதே மாதிரிதான். எர்கோடாக்ஸ், மூன்லேண்டர் போன்றவற்றில் விசைகள் இன்னும் அதிகம், 76, 72 என்று. தமிழுக்கு அவை இன்னும் தாராளம். கினெசிஸ் அட்வாண்டேஜ் கிண்ணம் போலக் குழிந்திருக்கும், தொட்டுப் பார்த்தபோது ஆசையாக இருந்தது. ஆனால் இவற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரியெல்லாம் சேர்த்து ஒரு சாதாரண மடிக்கணினியின் விலையைத் தொடும். பாகங்களாக வாங்கி ஒட்டினால் செலவு நன்றாகக் குறைகிறது, பொறுமை இருந்தால்.

பொறுமை நண்பருடையது. ஒவ்வொரு விசைக்கும் ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் குட்டிப் பாகம்), ஒவ்வொன்றும் சரியான திசையில் ஒட்டியாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒட்டி முடித்து, கணினியில் சொருகி, எல்லா விசையையும் தட்டிப் பார்த்தோம். 57 வேலை செய்தன. செய்யாத ஒன்று ழ. ஒரு டயோடு தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தது. "தமிழுக்கு வந்த சோதனையைப் பாருங்கண்ணே" என்று சிரித்துக்கொண்டே எடுத்து மாற்றினார். அன்று அவர் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன்: இரண்டு பாதியையும் இணைக்கும் வயரை, கணினியில் சொருகி மின்சாரம் இருக்கும்போது பிடுங்கவோ சொருகவோ கூடாது. அந்த முனை உள்ளே போகும்போது தொடக்கூடாத முனைகளைத் தொட்டு ஷார்ட் ஆகும், உள்ளே இருக்கும் சில்லு கருகிவிடலாம்.

இனி எழுத்துகளை எங்கே வைப்பது என்ற கேள்வி. இதில் பலருக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது. கீபோர்டு தமிழை அனுப்புவதில்லை. இன்ன விசை அழுத்தப்பட்டது என்று ஒரு எண்ணை அனுப்புகிறது, அதைத் தமிழாக்குவது கணினி. அதனால் ச வேண்டிய இடத்தில் சதுர அடைப்புக்குறியின் எண்ணை வைத்தால் போதும், தமிழ்99 தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இதே காரணத்தால், ஆங்கில எழுத்துகளின் வரிசையைக் கீபோர்டுக்குள்ளேயே மாற்றி கோல்மேக் மாதிரி எதையாவது வைத்தீர்களானால் தமிழும் சேர்ந்து கலைந்துவிடும். ஆசைப்பட்டால் அந்த மாற்றத்தைக் கணினி அமைப்பில் செய்யுங்கள், கீபோர்டில் வேண்டாம்.

வியா என்ற செயலியில் விசைகளை இழுத்து வைக்கலாம், நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ண-வுக்குப் பக்கத்திலேயே ச வைத்தேன். கீழ் வரிசைக் கடைசியில், ழ-வுக்குப் பக்கத்தில் ஞ. ஷிப்ட், எண்டர், பேக்ஸ்பேஸ் மூன்றும் கட்டைவிரல்களுக்குப் போயின. ஸ, ஷ, ஜ, ஹ எல்லாம் தமிழ்99-இல் ஷிப்டோடு இடது மேல் வரிசையில் இருப்பவை. வலது கட்டைவிரல் ஷிப்டைப் பிடித்துக்கொள்ள, இடது கை தட்டுகிறது. சுண்டுவிரலுக்கு எழுத்துகள் அதே எண்ணிக்கைதான். ஆனால் எம்பல் போய்விட்டது, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பழகுவது சுலபமாக இல்லை. முதல் வாரம் என் வேகம் பள்ளிப் பிள்ளையுடையது. ஒவ்வொரு முறை "தங்கம்" என்று தட்டும்போதும் வலது ஆள்காட்டி விரல் காற்றைத் தட்டியது. ங இடது பாதியில் இருக்கிறது. நான் இத்தனை வருடமும் அதை வலது கையால் தட்டியிருக்கிறேன். ஒரே துண்டாக இருந்தவரை யாரும் கேட்கவில்லை. மாஸ்டர் பார்த்திருந்தால் ஸ்கேல் உடைந்திருக்கும். இரண்டாம் வாரத்தில் ஒரு அவசர வேலை வர, பழைய கீபோர்டுக்கு ஓடினேன், பழகியதெல்லாம் பாதி போனது. வேலை குறைவான மாதத்தில் ஆரம்பியுங்கள். ஐந்தாம் வாரம் வாக்கில்தான் பழைய வேகம் வந்தது.

இடையில் ஒரு சொந்தச் சூனியம். எழுத்து விசையையே தட்டினால் எழுத்து, பிடித்தால் கண்ட்ரோல் என்று இரட்டை வேலை கொடுக்கும் வசதி உண்டு, பலர் அதைக் கொண்டாடுகிறார்கள். நானும் அவர்கள் சொன்னபடி வைத்தேன். இடது நடுவிரலின் விசை கண்ட்ரோல் ஆனது. தமிழ்99-இல் அது உ. தட்டுவதா பிடிப்பதா என்று தீர்மானிக்கும் வரம்பு வழக்கமாக 200 மில்லிவினாடி. மெதுவாகப் பழகிக்கொண்டிருந்த நான் அதைத் தாண்டிவிடுவேன். "துணி" என்று தட்டினால், உ பிடியில் இருக்கும்போதே ண விழும். ண ஆங்கிலத்தில் பி. கண்ட்ரோல் பி என்றால் அச்சிடு. ஒரு ஜவுளிக்கடைக் கையேட்டை மொழிபெயர்த்த அன்று அச்சுச் சாளரம் எத்தனை முறை திறந்தது என்று எண்ணவில்லை. அந்த வசதியை எடுத்துவிட்டேன். கட்டைவிரலில் இடம் இருக்கும்போது அது எதற்கு?

ஸ்விட்ச் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அதற்கென்றே பேசித் தீர்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். செர்ரி நிறுவனத்தின் சிவப்பு ஸ்விட்ச் 45 சென்டிநியூட்டன் அழுத்தத்துக்கு அமுங்கும், கறுப்பு 60. கடைகளில் இதையே கிராம் என்பார்கள், கிட்டத்தட்ட ஒன்றுதான். முழு ஆழம் 4 மில்லிமீட்டர், பாதியிலேயே எழுத்து பதிந்துவிடும்; அடிவரை போய் முட்ட வேண்டியதில்லை என்பதை விரல் கற்றுக்கொள்ள நாளாகிறது. எனக்குச் சிவப்பு பிடித்தது, சத்தமும் குறைவு. சுண்டுவிரல் வரிசைகளில் மட்டும் 35 கிராம் ஸ்விட்ச் போட்டேன். எல்லா விரலுக்கும் 35 போட்டுப் பார்த்தபோது, யோசித்துக்கொண்டு கையை வைத்தாலே எழுத்து விழுந்தது. இப்படிக் கலந்து போட்டுப் பார்க்க ஒரு நிபந்தனை: ஸ்விட்ச்சைக் கையால் பிடுங்கி மாற்றக்கூடிய ஹாட்ஸ்வாப் பலகையாக இருக்க வேண்டும். வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

இரண்டு பாதிகளின் உட்பக்கத்தையும் சற்றே உயர்த்தி, கூரை போலச் சாய்த்து வைத்திருக்கிறேன். உள்ளங்கை முழுக்கக் கவிழாமல், கை குலுக்கப் போகும் நிலைக்குச் சற்று அருகே வருகிறது. அதற்கென்று விற்கும் உலோகக் கால்கள் வேண்டியதில்லை. கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்கச் செருகும் ரப்பர் ஆப்பு இரண்டு போதும். முதல் நாளே அதிகம் சாய்த்து, தோள் வலித்து, பிறகு இறக்கினேன். மடிக்கணினியைப் பழைய அகராதிகளின் மேல் ஏற்றி வைத்தாயிற்று. அகராதிகளுக்கு இப்போது இருக்கும் வேலை அதுதான்.

ஒட்டு வேலை, புதுப் பழக்கம் எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு ஆலிஸ் வடிவம் இருக்கிறது. ஒரே துண்டு, ஆனால் நடுவில் பிரிந்து இரு பக்கமும் சாய்ந்திருக்கும். கீக்ரான் போன்றவை ஆயத்தமாக விற்கின்றன. ச, ஞ எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கும். என் நண்பர் ஒருவருக்கு, அரசு வேலையில் இருப்பவர், அதைத்தான் சொன்னேன். இரண்டே நாளில் பழகிவிட்டார். எண்டருக்கு இன்னமும் சுண்டுவிரல்தான் என்பது அதன் குறை. ஆங்கில ஒலிப்பு முறையில் தட்டுபவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு ச ஒரு பிரச்சினையே இல்லை, 42 விசையே போதும். ண, ள, ற என்று ஷிப்டைத் தேடித் தேடித்தான் அவர்களின் சுண்டுவிரல் சாகிறது. ஷிப்டைக் கட்டைவிரலுக்கு மாற்றக்கூடிய எதை வாங்கினாலும் அவர்களுக்கு லாபம்.

எனக்கு வலி முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். இரண்டு நாளில் 10,000 சொல் தட்டினால் இப்போதும் சுண்டுவிரல் முணுமுணுக்கும். வெளியூர் போய் மடிக்கணினியிலேயே தட்டினால் மூன்றாம் நாள் குத்தல் வந்துவிடுகிறது, அதனால் இரண்டு பாதிகளையும் பழைய துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொள்கிறேன். ரயிலில் எதிர் சீட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, உடைந்துவிட்டதா சார் என்பதுதான்.

அந்த நீல ஸ்விட்ச் கீபோர்டு அக்கா மகனிடம் போய்விட்டது. அவனுக்கு அந்தச் சத்தம்தான் பிடித்திருக்கிறதாம். இப்போது அக்கா போன் செய்து என்னைத் திட்டுகிறாள்.